படத்தில் இருப்பவர் யார்?

பெரியவர் காலமாகிப் பதினைந்து நாள். மறுநாள் கருமாதி, கூடவே படத்திறப்பு. மூத்த மகன் டவுனுக்குப் போய் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டுக் கொண்டு வருகிறான். அவருக்கென்று தனியாக எடுத்த படம் வீட்டில் கிடையாது. பேரனின் காதுகுத்து விழாவில் யாரோ செல்போனில் எடுத்த படம்தான் உண்டு. அதிலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, பின்னால் நீல வானத்தை வைத்து, கழுத்தில் ஒரு மாலையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கூடத்து நாற்காலியில் படத்தைச் சாத்தி வைக்கிறார்கள். அம்மா வந்து பார்க்கிறாள். வெகு நேரம் பார்க்கிறாள். பிறகு மெதுவாகக் கேட்கிறாள்: "ஏண்டா, ஒங்கப்பா நெத்தியிலே துண்ணூறு காணோமே?"

திருநீறு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நெற்றியே திருநீற்றின் நிறத்துக்கு வந்துவிட்டது. வெள்ளையின் மேல் வெள்ளை பூசினால் எப்படித் தெரியும்? ஐம்பது வருஷம் வெயிலில் நின்று வயல் பார்த்த மனிதர், வெளியிலேயே தலை காட்டாத பணக்காரர் போலப் படத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் காட்சியைத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் காணலாம். யாரும் இதற்காகச் சண்டைக்குப் போவதில்லை. "படம் நல்லாத்தானே இருக்கு" என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இன்னும் பத்து வருஷம் சென்றால் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் அந்த வெளுத்த மனிதர்தான். உண்மையான தாத்தாவின் நிறத்தை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள்.

மூன்று நிமிஷ வேலை

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனைக் கோபித்துப் பிரயோஜனம் இல்லை. "வெளுப்பாக்கு" என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. "வெளுக்காதே" என்றும் சொல்லவில்லை. முகம் என்று ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதை வெளுக்க வேண்டும், மற்ற வேலை எல்லாம் பிறகுதான் என்பது அவன் கற்ற தொழில். முன்பின் பார்த்திராத ஒரு மனிதரின் நிறத்தை மூன்று நிமிஷத்தில் மாற்றிவிட்டு, அடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குப் போய்விட்டான்.

அந்த மூன்று நிமிஷத்தில் நடந்தது என்ன? மந்திரம் ஒன்றும் இல்லை, வெறும் கணக்குத்தான்.

டிஜிட்டல் படம் என்பது பொடிப்பொடியான புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று அவை சொல்லும். சாதாரணப் படங்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 0 என்றால் கும்மிருட்டு. மூன்றும் 255 என்றால் சுத்த வெள்ளை. இந்த மூன்றையும் கூட்டியும் குறைத்தும் 1,67,77,216 நிறங்களைக் காட்டலாம். படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வது என்றால் இந்த எண்களை மாற்றுவதுதான், வேறொன்றும் இல்லை.

மனிதத் தோலுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எந்த நாட்டு மனிதரின் முகத்தை எடுத்துக்கொண்டாலும் சிவப்பு முதலில் நிற்கும், பச்சை அடுத்து, நீலம் கடைசி. கறுத்த முகத்தில் 120, 80, 60 என்று இருக்கலாம். வெளுத்த முகத்தில் 225, 185, 160 என்று இருக்கலாம். வரிசை மாத்திரம் மாறாது. சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் நிறம் சரிசெய்பவர்களிடம் வெக்டர்ஸ்கோப் என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் தோல் நிறத்துக்கென்று ஒரே ஒரு கோடுதான் போட்டிருக்கும். ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், சீனர், தமிழர் எல்லோருடைய முகமும் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். நிறத்தின் ஜாதி ஒன்று. வெளிச்சம் கூடுவதும் குறைவதும்தான் வித்தியாசம். நிறத்தை வைத்து மனிதரை மட்டம் தட்டுகிறவர்கள் அந்தக் கருவியை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

ஆனால் இந்த ஒற்றுமையே வினையாகவும் முடிகிறது. போட்டோஷாப், லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு ஸ்லைடர் உண்டு. இடமும் வலமும் நகர்த்தக்கூடிய சிறு குமிழ் அது. தோல் பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தின் கணக்கில் வருவதால், ஆரஞ்சின் வெளிச்சத்தைக் கூட்டும் குமிழை வலப்பக்கம் தள்ளினால் படத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே மூச்சில் வெளுத்துவிடுவார்கள். கூடவே மஞ்சளையும் சேர்த்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. அப்போது தோல் மட்டுமா வெளுக்கும்? குத்துவிளக்கு, சாமந்தி மாலை, பட்டுச் சேலையின் ஜரிகை, மஞ்சள் பூசிய கை, தாலிக் கயிறு எல்லாமே சோகை பிடித்தது போல் ஆகிவிடும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது பித்தளை விளக்கு தகர விளக்காகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

சிலர் முகத்தை மட்டும் வளைத்துப் பிடித்து வெளுப்பார்கள். இது இன்னும் வேடிக்கை. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், வளையல் போட்ட கை வேறொரு நிறம். மூன்று பேரிடம் கடன் வாங்கி ஒரு ஆளை உண்டாக்கியது போல இருக்கும்.

கேமராவும் பொய் சொல்லும்

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் படத்தில் கையே வைக்கக் கூடாது, எடுத்தது எடுத்தபடி இருக்கட்டும்" என்று சொல்பவர்கள் கிளம்புவார்கள். அதுவும் சரியல்ல. கேமரா ஹரிச்சந்திரன் அல்ல.

கண்ணுக்கும் கேமராவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சாயங்காலம் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு இலையில் இருக்கும் சோறு வெள்ளையாகத்தான் தெரியும். கண்ணும் மூளையும் சேர்ந்து பல்பின் மஞ்சளைத் தாமே கழித்துக்கொள்கின்றன. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. விளக்குகளின் நிறத்தை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். ஹாலஜன் விளக்கு ஏறக்குறைய 3,200. நடுப்பகல் வெயில் 5,500. நிழல் 7,000-க்கு மேலும் போகும். கல்யாண மண்டபத்தில் மேடைக்கு ஒரு விளக்கு, வீடியோக்காரர் பிடிக்கும் விளக்கு வேறு, பக்கவாட்டு ஜன்னலில் பகல் வெளிச்சம் வேறு. மாப்பிள்ளையின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் விழுந்தால் அது அவர் குற்றமா? அதைச் சரிசெய்யத்தான் வேண்டும்.

சரிசெய்வதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. படத்தில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும் ஒரு பொருளைக் காட்டி, "இதுதான் வெள்ளை, மற்றதை இதற்குத் தக்கபடி மாற்று" என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம். மாப்பிள்ளையின் வேட்டியைக் காட்டுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சலவை வேட்டி அசல் வெள்ளை அல்ல. நீலம் முக்கியிருப்பார்கள்; சோப்புத் தூளிலும் பளிச்சென்று காட்டும் மருந்து இருக்கிறது. ஆகவே வேட்டி கொஞ்சம் நீலம் ஓடியே இருக்கும். அதை வெள்ளை என்று கேமராக் கணக்கில் எழுதிவிட்டால், அந்த நீலத்தைக் கழிக்கப் போய், முகங்கள் எல்லாம் மஞ்சள் காமாலை கண்டது போல் ஆகிவிடும். கைதேர்ந்தவர்கள் இதற்காகவே ஒரு சாம்பல் நிற அட்டையைப் பையில் வைத்திருக்கிறார்கள். மேடை விளக்கு மாறும்போதெல்லாம் அதை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அற்ப விலைப் பொருள்தான்.

வெளிச்சத்தின் கதையும் இப்படியே. கேமரா தன் எதிரே உள்ள எல்லாவற்றையும் சராசரி பார்த்து, நடுத்தரமான சாம்பல் நிறத்துக்கு இழுக்கப் பார்க்கிறது. வெள்ளை வேட்டி சட்டைக்காரர்கள் இருபது பேர் நிற்கும் குரூப் போட்டோவில் அது வெள்ளையைக் கண்டு மிரண்டு, படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். அப்போது கறுத்த முகங்களில் கண்ணும் பல்லும்தான் மிஞ்சும். அந்த முகங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது பொய்யல்ல. கொண்டுவராமல் விடுவதுதான் பொய். கறுத்த கன்னத்தில் விழும் ஒளிக்கு ஒரு பளபளப்பு உண்டு. மூக்கின் விளிம்பு, நெற்றிச் சுருக்கம், கண்ணோரத்துக் கோடு எல்லாம் அந்தப் பளபளப்பில்தான் உயிர் பெறும். நடுத்தர எண்களை மட்டும் மெதுவாக உயர்த்தி, ஆழமான இருட்டை இருட்டாகவே விட்டு, அந்தப் பளபளப்பைக் காப்பாற்றுகிறவர்தான் கலைஞர். எல்லாவற்றையும் ஒரேயடியாக 255-ஐ நோக்கித் தள்ளுகிறவர் சுண்ணாம்பு அடிக்கிறார்.

போட்டோஷாப் பிறந்த கதையும் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987-இல் அதன் முதல் வடிவத்தை எழுதத் தொடங்கினார். அண்ணன் தம்பியாக அவரும் ஜான் நோலும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 1990 பிப்ரவரியில் அடோபி கம்பெனி அதை வெளியிட்டது. அவர்களுடைய தகப்பனார் போட்டோப் பைத்தியம். வீட்டின் நிலவறையில் இருட்டறை வைத்திருந்தவர். இருட்டறையில் நிறத்தையும் ஒளியையும் சமன் செய்து பழகிய பிள்ளைகள் கையில்தான் அந்தக் கருவி உருவாயிற்று. இருட்டறை வேலைக்குப் பெயரே சமன் செய்வதுதான்; வெளுப்பதல்ல.

பழைய பழக்கம்

வெளுக்கும் பழக்கம் கம்ப்யூட்டரோடு வந்தது என்று எண்ணுவதும் தவறு. கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்களில் "டச்சிங்" என்று ஒரு தனி வேலை உண்டு. ஜன்னலோரம் சாய்வுப் பலகை போட்டு, நெகட்டிவை அதன்மேல் வைத்து, ஊசி போல் சீவிய பென்சிலால் முகத்தின் மேல் பொடிப்பொடியாகக் கோடு இழைப்பார்கள். நெகட்டிவில் கறுப்பு கூடினால் பிரின்டில் வெளுப்பு கூடும். அம்மைத் தழும்பு மறையும், கன்னம் வழுவழுப்பாகும், நிறமும் ஒரு படி ஏறும். அந்தக் காலத்து டச்சிங்காரர் ஒரு முகத்துக்கு அரை நாள் செலவழிப்பார். கை வலித்ததனாலேயே ஓர் அளவும் இருந்தது. இப்போது ஆயிரம் படத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் ஆயிரமும் வெளுக்கிறது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்து, டிஜிட்டல் வடிவில் பாதுகாக்கும் வேலையைச் செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மனிதர் எப்படி உடுத்தினார், எப்படி நின்றார் என்பதற்கெல்லாம் அவை சாட்சி. இன்றைய ஆல்பங்களை எண்பது வருஷம் கழித்து ஒருவர் இதேபோல் எடுத்துப் பார்த்தால் என்ன நினைப்பார்? 2020-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் எல்லோரும் திடீரென்று வெளுத்துவிட்டார்கள் என்று எழுதிவைத்தாலும் ஆச்சரியமில்லை.

பிலிம் காலத்தில் இன்னொரு அநியாயமும் இருந்தது. அது ஸ்டூடியோக்காரர் செய்ததல்ல. கலர் பிலிமைக் கழுவிப் பிரின்ட் போடும் யந்திரங்களைச் சரிபார்க்க, கோடக் கம்பெனி ஒரு மாதிரிப் படத்தை லாப்களுக்கு அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் படத்துக்கு நின்ற ஊழியரின் பெயரால் அதற்கு "ஷெர்லி கார்டு" என்றே பெயர். அந்தப் பெண்ணின் முகம் சரியாக வந்தால் யந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கறுத்த முகம் எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் என்ற அம்மையார் இந்தக் கதையை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார். பிலிமில் பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று கம்பெனிக்கு உறைக்கும்படி முறையிட்டவர்கள் யார் தெரியுமா? சாக்லெட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி, மேஜை விற்பவர்களும்! கறுத்த மனிதருக்காகச் செய்யாததைக் கறுத்த மிட்டாய்க்காகச் செய்தார்கள். பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் மாதிரிப் படம் 1990-களில்தான் வந்தது.

டிஜிட்டல் காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கூகுள் கம்பெனி 2021-இல் தன் பிக்ஸல் 6 போனில், கறுத்த தோலையும் உள்ளபடி காட்டும் ஏற்பாடு என்று ஒன்றைச் சேர்த்தது. 2022-இல் எல்லிஸ் மங்க் என்ற சமூகவியல் பேராசிரியர் வகுத்த பத்துப் படித் தோல் நிற அளவுகோலையும் எடுத்துக்கொண்டது. கம்பெனிகள் லாபம் இல்லாமல் எதையும் செய்யாது என்பது உண்மைதான். என்றாலும் யந்திரம் கறுப்பை மதிக்கக் கற்றுக்கொள்ளும் சமயத்தில், மனிதர் அதை வெளுத்துத் தள்ளுவது விசித்திரமாக இல்லையா?

கறுப்பாக்கினால் குற்றவாளி

வெளுப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள், அதே குமிழை எதிர்ப்பக்கம் தள்ளியபோது என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

1994 ஜூன் மாதம். அமெரிக்காவின் பிரபல கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார். போலீசார் எடுத்த அவருடைய படம் பத்திரிகைகளுக்குக் கிடைத்தது. ஜூன் 27-ஆம் தேதி இதழில் நியூஸ்வீக், டைம் என்ற இரண்டு பெரிய வாரப் பத்திரிகைகளும் அதே படத்தை அட்டையில் போட்டன. நியூஸ்வீக் கிடைத்தபடி போட்டது. டைம் பத்திரிகையின் ஓவியர் கம்ப்யூட்டரில் அதன் நிறத்தைக் கெட்டியாக்கி, முகத்தை நன்றாகக் கறுக்கச் செய்திருந்தார். இரண்டு பத்திரிகைகளும் கடைகளில் அக்கம்பக்கமாகத் தொங்கின. ஒரே மனிதர், ஒரே நிமிஷத்தில் எடுத்த படம். ஒன்றில் களைத்த ஆளாகவும் மற்றதில் பயங்கரமான ஆளாகவும் தெரிந்தார். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. கறுப்பர் என்றால் குற்றவாளி என்று சொல்லாமல் சொல்கிறீர்கள் என்று பலரும் சாடினார்கள். பத்திரிகையின் ஆசிரியர் அடுத்த இதழில் வாசகருக்கு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

அந்தக் கண்டனம் நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறவர்கள், நம் ஊர் ஸ்டூடியோவில் நடப்பதையும் யோசிக்க வேண்டும். கெட்டவனாகக் காட்டக் கறுப்பாக்குவதும், நல்லவனாகக் காட்ட வெளுப்பாக்குவதும் ஒரே எண்ணத்தின் இரண்டு முனைகள் அல்லவா?

நேர்மையானவர்களே இடறும் இடமும் இதில் உண்டு. 2006-இல் அமெரிக்காவின் சார்லட் நகரத் தினசரி ஒன்றில் ஒரு தீயணைப்பு வீரரின் படம் வந்தது. பின்னால் வானம் செக்கச்செவேலென்று இருந்தது. அசல் படத்தில் அது மங்கிய பழுப்பும் சாம்பலுமாக இருந்தது தெரிந்து, படம் எடுத்தவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தான் கண்ணால் கண்ட நிறத்தைத்தான் திரும்பக் கொண்டுவந்ததாக அவர் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று யாரும் தீர்மானிக்க முடியாது. நினைவில் இருக்கும் வானம் எப்போதும் இருந்த வானத்தைவிடச் சிவப்புத்தான். அதனால்தான் நினைவை மட்டும் நம்பி நிறம் மாற்றக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அசல் வேண்டும் என்கிறார்கள். வானத்துக்கு அசல் கிடையாது. மறுநாள் வேறு வானம். மனிதருக்கு அசல் உண்டு. எதிரே நிற்கிறார்.

பெண் பார்க்கும் படம்

இறந்தவருக்காவது ஒரு சௌகரியம். அவர் வந்து படத்தோடு தம்மை ஒப்பிட்டுக் காட்ட வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

வரன் பார்க்கப் படம் எடுக்கிறார்கள். அப்பா பக்கத்தில் நின்று, "கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிக் குடுங்க" என்கிறார். பெண் ஒன்றும் சொல்வதில்லை. பளிச்சென்று ஆன படம் நாலு வீட்டுக்குப் போகிறது. ஒரு வீட்டார் பார்த்துப் பிடித்துப் போய் வருகிறார்கள். காபித் தட்டோடு பெண் வந்து நிற்கிறாள். வந்தவர்கள் அவளைப் பார்க்கிறார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "போட்டோவிலே வேற மாதிரி இருந்துச்சே" என்று யாரோ ஒரு பெரியம்மா வாய்விட்டே சொல்லிவிடுகிறார். அந்தப் பெண் வேறொருத்தியோடு போட்டியிட்டுத் தோற்கவில்லை. தன் படத்தோடு போட்டியிட்டுத் தோற்றாள். அந்தப் படத்துக்குக் காசு கொடுத்தவர் அவள் தகப்பனார்.

அவர் மட்டும் என்ன செய்வார் என்று கேட்கலாம். ஊரே அப்படி இருக்கிறது. வெளுக்கும் களிம்பு 1975-இல் "ஃபேர் அண்ட் லவ்லி" என்ற பெயரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பெயரில் இருந்த வெளுப்பை எடுத்துவிட்டு "க்ளோ அண்ட் லவ்லி" ஆக 2020 வரை பிடித்தது. அதே வருஷம், பெரிய கல்யாண இணையதளம் ஒன்று வரன்களை நிறவாரியாகத் தேடித் தரும் வசதியை, எதிர்ப்பு கிளம்பிய பிறகு எடுத்துவிட்டது. கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் துறையின் ஒழுங்கு மன்றம் 2014-இலேயே விதி வகுத்தது. கறுப்பும் அழகே என்ற இயக்கம் 2009-இல் தொடங்கியது நம் சென்னையில்தான். நார்வே நாட்டில் 2022 ஜூலை முதல், விளம்பரப் படத்தில் உடலையோ தோலையோ மாற்றியிருந்தால் அதைப் படத்திலேயே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

ஆனால் சட்டமும் மன்றமும் விளம்பரத்துக்குத்தான். அப்பாவின் படத்துக்கும் மகளின் படத்துக்கும் எந்தச் சட்டம் வரும்? அங்கே வீட்டார்தான் நீதிபதிகள்.

கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழி சொன்ன ஜனங்கள் இவர்கள். பிள்ளைக்குக் கறுப்பன் என்று ஆசையோடு பெயர் வைத்தவர்கள். கிருஷ்ணன் என்ற பெயருக்கே கறுப்பன் என்றுதான் பொருள். காலண்டரில் ஏறியபோது அவரும் நீலமாகிவிட்டார். 2017 கடைசியில் சென்னையில் சிலர் தெய்வங்களைக் கறுத்த நிறத்தில் படம் பிடித்துக் காட்டியபோது, அதுவே ஒரு செய்தியாகப் பத்திரிகைகளில் வந்தது. கறுத்த சாமியைக் கறுப்பாகக் காட்டுவது செய்தியாகும் அளவுக்கு நிலைமை வந்திருக்கிறது.

ஸ்டூடியோக்காரரின் வாதம்

ஸ்டூடியோக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும். "உள்ளபடி கொடுத்தால், என்னய்யா இப்படிக் கறுப்பா எடுத்திருக்கே என்று திட்டுகிறார்கள், ஆல்பத்துக்கு மிச்சப் பணம் வருவதில்லை. அடுத்த கல்யாணம் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறது. எனக்கு என்ன ஆசையா?" என்கிறார். இதில் உண்மை இருக்கிறது. பிழைக்கிறவரிடம் போய்த் தத்துவம் பேச முடியாது.

ஆனால் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் கறுப்பைத் திட்டவில்லை, இருட்டைத் திட்டுகிறார்கள். முன்னே சொன்னபடி வெள்ளை வேட்டிக்கு நடுவில் இருண்டுபோன முகத்தை, வெளிச்சம் சரிசெய்யாமல் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? கறுப்பு வேறு, இருட்டு வேறு. கறுத்த முகத்தை ஒளியோடு எடுத்துக் கொடுத்துப் பார்த்த ஸ்டூடியோக்காரர் எத்தனை பேர்? அதற்குத் தொழில் தெரிய வேண்டும். குமிழைத் தள்ளுவதற்குத் தொழில் தேவையில்லை.

"பெண்ணுக்குப் பவுடர் பூசுவதில்லையா, அது போலத்தானே இது" என்று இன்னொரு வாதம். பவுடர் சாயங்காலம் முகம் கழுவினால் போய்விடும். பூசிக்கொள்வதா வேண்டாமா என்பதும் அவள் இஷ்டம். படம் ஐம்பது வருஷம் சுவரில் இருக்கும். அதில் பூசுவது வேறொருவர் கை.

இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பிரின்ட் போடுவதற்கு முன், கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் முகத்தின் பக்கத்தில் அந்த மனிதரின் கையை வைத்துப் பார்த்தால் போதும். அந்தத் திரையின் வெளிச்சத்தையும் கண்ணைக் கூசும் அளவுக்கு வைத்திருக்கக் கூடாது. அது பாதி ஸ்டூடியோக்களில் தெரியாத சங்கதி. மாற்றம் வேண்டுமென்றால் முகத்துக்கு மட்டும் செய்யாமல் படம் முழுவதற்கும் செய்யட்டும். விஞ்ஞானப் பத்திரிகைகள் சில, நுண்ணோக்கியில் எடுத்த படங்களுக்கு இந்த விதியைத்தான் வைத்திருக்கின்றன: வெளிச்சம், நிறம் எதை மாற்றினாலும் முழுப் படத்துக்கும் ஒன்றாக மாற்ற வேண்டும். உயிரணுவுக்குக் கொடுக்கும் மரியாதையை உயிருள்ள மனிதருக்கும் கொடுக்கலாம்.

வாடிக்கைக்காரர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆல்பத்துக்குப் பேசும்போதே, கேமராவில் விழுந்த அசல் படங்களையும் சேர்த்துத் தர வேண்டும் என்று பேசிக்கொள்ள வேண்டும். லைட்ரூம் போன்ற மென்பொருள் அசல் படத்தைத் தொடுவதில்லை. செய்த மாற்றங்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அசல் கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிறத்துக்குத் திரும்பலாம். ஆனால் இடம் போதவில்லை என்று சில மாதங்களில் அசலை அழித்துவிடும் ஸ்டூடியோக்களும் உண்டு. அதற்கு முன்னால் ஒரு பென்டிரைவைக் கொண்டுபோய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருநீற்றைத் தேடிய அந்த அம்மாளின் வீட்டிலும் காரியம் கெட்டுவிடவில்லை. காதுகுத்தில் எடுத்த படம் யாருடைய செல்போனிலோ இன்னும் இருக்கும். அதைக் கொண்டுபோய், வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து இன்னொரு பிரதி வேண்டும் என்று கேட்டால் ஸ்டூடியோக்காரர் மறுக்கப் போவதில்லை. பிரேம்கூடப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. இருப்பதிலேயே மாற்றிப் போட்டுவிடலாம்.